பங்குனி உத்திரத்து மாத்திரை

"ஒன்பது" என்று முன்மேசைப் பெண் கூப்பிட்டாள். ஒன்பது எழுந்தது, ஒன்பதின் மாமியார் எழுந்தாள், ஒன்பதின் வயர்கூடையும் எழுந்தது. எங்களுக்குப் பதினாலு. பத்து மணிக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பதினொன்றுக்குக் கதவைத் திறக்கிற டாக்டரம்மாவை எங்கள் கான்வென்ட் மதர் பார்த்திருந்தால் வெயிலில் முட்டிபோட வைத்திருப்பார். சுவரில் ஒரு குண்டுக் குழந்தையின் படம், வெள்ளைக்காரக் குழந்தை, பாளையங்கோட்டை வெயிலில் ஒரு நாள் போட்டால் வெந்துபோகும். என் மடியில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு தாள், அட்டையின் மூலையில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. திருடிக்கொண்டு போய்விடுவோமாம். செண்பகா எடை பார்க்கவும் பிரஷர் பார்க்கவும் உள்ளே போயிருக்கிறாள். போகும்போது "அத்தை, என் பக்கம் எழுதிட்டேன், வலது பக்கம் மட்டும் நீங்க எழுதிருங்க" என்று இதை மடியில் வைத்துவிட்டுப் போனாள். என் மருமகள். பதினோரு மாதம் முன்னால் என் மகன் குமரேசனைக் கட்டிக்கொண்டு வந்தவள். இரண்டு வருஷத்துக்குப் பிள்ளை வேண்டாம், அதற்கு மாத்திரை எழுதி வாங்கவேண்டும் என்று வந்திருக்கிறாள். நான் எதற்கு வந்திருக்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. அவளுடைய அம்மா முப்பத்தொன்பது வயசில் மார்புப் புற்றுநோயில் போனவள், அந்த வயிற்றில் பிறந்த பெண் ஹார்மோன் மாத்திரையைத் தின்னலாமா, டாக்டரம்மா வாயாலேயே கேட்டுவிடலாம் என்று வந்தேன். அப்படித்தான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தாளின் இடது பக்கம் மனைவி வழி, வலது பக்கம் கணவன் வழி. நெருங்கிய உறவில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில். இடது பக்கத்தில் அவளுடைய இஞ்சினியர் எழுத்து, ஒவ்வொன்றும் நட்டு போல்ட் மாதிரித் தனித்தனியாக நிற்கிறது: அம்மா, மார்பகப் புற்றுநோய், 37. இறப்பு, 39. அடித்தல் திருத்தல் இல்லை. கீழே இன்னொரு வரி, மார்பைத் தாமே தொட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டா, ஆம், இல்லை. ஆம் என்பதற்கு டிக், பக்கத்தில் "மாதம் ஒருமுறை". வலது பக்கம் வெள்ளையாய்க் கிடக்கிறது. பார்க்கப் பார்க்கக் கண் கூசுகிறது.

ஆட்டோவில் வரும்போதே ஆரம்பித்துவிட்டேன், எதையும் ஆறப்போட்டுப் பழக்கமில்லை எனக்கு. முருகன்குறிச்சி தாண்டவில்லை, "ஏட்டி, உங்க அம்மைக்கு இருந்த சீக்குக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாது, பேப்பரிலே படிச்சேன்" என்றேன். எந்தப் பேப்பர் என்று கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். அவள் கேட்கவில்லை. "போன தடவையே கேட்டுட்டேன் அத்தை. அம்மாவுக்கு இருந்துதுங்கறதுக்காக மட்டும் மாத்திரை கூடாதுன்னு கிடையாதாம். ஆனா சின்ன வயசிலே வந்திருக்கதாலே குடும்பத்திலே யாராருக்கு என்னன்னு முழுசாத் தெரியணுமாம். தேவைப்பட்டா ரத்தத்திலே மரபணு டெஸ்ட் இருக்காம். எல்லாம் பார்த்துட்டு எது தோதுன்னு சொல்லுதேன்னாங்க." சரி, அந்தப் பக்கம் அடைத்துவிட்டாள், இந்தப் பக்கம் போனேன். "காப்பர்-டி வச்சுக்கிட்டா என்ன, அதிலே ஹார்மோனே கிடையாதுல்லா." "எனக்கு ஏற்கெனவே உதிரம் கூடுதலாப் போகுது அத்தை, அதை வச்சா இன்னும் கூடலாம்னாங்க. காற்றாலை உச்சியிலே எண்பது மீட்டர் உசரத்திலே தொங்கிக்கிட்டு நான் என்ன செய்ய?" ஆட்டோக்காரன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். அவள் அவனையும் ஒரு பார்வை பார்த்தாள், அவன் ரோட்டைப் பார்த்தான். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு வெறும் மாத்திரை அட்டையை எடுத்தாள், எல்லாக் குழியும் பிதுக்கி எடுத்தது. "இது பங்குனி உத்திரத்துக்கு நீங்க தந்தது. இதுவும் ஹார்மோன்தான் அத்தை. கல்யாணத்துக்கு முன்னாலேயும் இதே அட்டையைத்தான் கொடுத்துவிட்டிருந்தீங்க. ரெண்டையும் டாக்டர்கிட்டே சொல்லணும்னு வச்சிருக்கேன்." அவ்வளவுதான் சொன்னாள். குரலில் முள் இல்லை. அட்டையை மடக்காமல் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெளியே வேப்பமரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அந்த அட்டை மட்டும் என் மாமியாருக்கு எதிராக என் கையில் கிடைத்திருந்தால் ஒரு வருஷம் அதை வைத்தே மாவாட்டியிருப்பேன்.

பத்து போனது, பதினொன்று தன் கொலுசைச் சரிசெய்கிறது. அதுவும் ஹார்மோன்தானா. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கோயில் மாத்திரை. பூஜை அலமாரியின் கீழ் இழுப்பறையில் இருக்கும், கற்பூர டப்பாவுக்கும் திரிநூல் கட்டுக்கும் நடுவில். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வம்சமே வேனில் போகும்போது ஒருத்தி மட்டும் வீட்டுக்கு விலக்காகி வாசலில் நின்று கையாட்ட முடியுமா. தேதி இடிக்கும் என்றால் மூன்று நாள் முன்னாலேயே ஆரம்பி, மூன்று வேளை, பொங்கல் வைத்து ஊர் திரும்பிய பிறகு நிறுத்து. எல்லார் கணக்கும் எனக்குத் தெரியும், காலண்டரில் புள்ளி வைத்திருப்பேன், பச்சைப் புள்ளி ஓரகத்தி, சிவப்பு நாத்தனார் மகள். மருந்துக்கடைத் தம்பி "அக்கா, உத்திரம் வருதுல்லா, எத்தனை அட்டை?" என்று அவனே கேட்பான். டாக்டர் சீட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இருபத்தெட்டு வருஷம். பெப்பர்மிண்ட் மாதிரி கொடுத்திருக்கிறேன், அத்தனை பேரும் மகராசி என்று வாங்கிக்கொண்டு போனார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் செண்பகாவின் அப்பாவிடம் ஒரு அட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டேனே, அந்த மனிதர் அதைத் தாம்பூலம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார், அப்போது எனக்கு அவளுடைய அம்மா ஞாபகத்துக்கு வந்தாளா. இல்லை. முகூர்த்தம்தான் ஞாபகம். சாமிக்காகத் தின்றால் மருந்து, தனக்காகத் தின்றால் விஷம், இப்படி ஒரு ரசாயனம் எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். அக்கா பம்பாயிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் வாங்கிக்கொண்டு போவாள். அக்காவுக்கு எத்தனை அட்டை கொடுத்திருப்பேன். வேண்டாம், அங்கே போகாதே. அம்மா ஒரு மாத்திரையும் தின்றவள் இல்லை, அவளுக்கும் வந்ததே. அங்கே போகாதே என்றேனே.

செண்பகாவைப் பார்க்கப் போன அன்றைக்கு மத்தியானம் தென்காசியில் நல்ல சாரல். பஜ்ஜி, கேசரி, எல்லாம் முறைப்படி. ஜாதகம் பொருந்தியாயிற்று, என் நாத்தனார் வேலம்மாள் பெண்ணின் முடியைக்கூட இழுத்துப் பார்க்காத குறையாகப் பார்த்தாயிற்று. அப்போது அந்தப் பெண் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்னை நேராகப் பார்த்து, "எங்க அம்மா எப்படிப் போனாங்கன்னு நீங்க யாரும் கேக்கலை. மார்பிலே கேன்சர் வந்து போனாங்க. எனக்கு வரலாம், வராமலும் போகலாம். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க" என்றாள். அவளுடைய அப்பா தரையைப் பார்த்தார். வேலம்மாள் வாயில் கேசரி அப்படியே நின்றது. எனக்கு எப்படி இருந்தது. ஓங்கி ஒரு அறை வாங்கினது மாதிரி இருந்தது, அந்தக் கன்னத்திலேயே யாரோ முத்தமிட்டது மாதிரியும் இருந்தது. மார்பு என்கிற வார்த்தையை ஆண்கள் நாலு பேர் இருக்கிற கூடத்தில், கேசரித் தட்டுக்கு நடுவில் ஒரு பெண் சொல்லலாம், சொன்னால் கூரை இடிந்து விழாது என்று எனக்கு ஐம்பத்தொரு வயசில்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, வேண்டாம் என்ற அத்தனை பேரிடமும் இவள்தான் என்று நின்றேன். எதற்கு நின்றேன் என்று யாருக்கும் தெரியாது. இவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் அக்கம்பக்கத்தில் வாயைப் பிளக்கிறார்கள், காற்றாலைக்கு உள்ளேயே ஏணியில் ஏறி, உச்சியில் போய் இடுப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டு, ஆணி முடுக்குகிறாள். முப்பது ஆம்பிளைக்கு இவள்தான் மேலே. ஒரு தடவை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், அந்த உயரத்தில் ஒரு மஞ்சள் தொப்பி, எறும்பளவு. அது என் மருமகள் என்று பக்கத்தில் நின்ற வாட்ச்மேனிடம் சொன்னேன், அவன் கேட்காமலே சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். பிள்ளை உண்டானால் ஏறவிடமாட்டார்கள், இன்னும் இரண்டு வருஷம் ஏறினால் மேல் பதவி, அதன் பிறகு தரையில் இருந்தே வேலை. இதெல்லாம் நியாயமா இல்லையா. நியாயம்தான். வேலம்மாள் போன மாதம் வந்து, "சீக்கு வீட்டுப் பொண்ணு, காலாகாலத்திலே ஒண்ணைப் பெத்துப் போடச் சொல்லு, நாளைக்கு என்ன ஆகுமோ" என்றாள், மருமகள் காதுபடவே. செண்பகா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஆமா பெரியம்மா, சீக்கு வீட்டுப் பொண்ணுதான். அதான் வருஷா வருஷம் டாக்டர்கிட்டே காட்டுதேன். நீங்க கடைசியா எப்போ காட்டுனீங்க?" என்றாள், கத்தியை நிறுத்தாமல். வேலம்மாள் அன்றைக்குக் காப்பி குடிக்காமலே போனாள். நான் உள்ளே போய் ஸ்டோர் ரூமில் நின்று சிரித்தேன். சிரித்தேன், சரி. ஆனால் சீக்கு வீடு என்று வேலம்மாள் சொன்னபோது நான் என்ன செய்தேன். புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"பதினொன்று." கொலுசு உள்ளே போகிறது. என் அம்மா ஒரு கையால் மாவாட்டுவாள். இடது கையைத் தூக்கமாட்டாள், முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றி இடுக்கிக்கொண்டிருப்பாள், உள்ளே மடித்து வைத்த வேட்டித் துணி. அந்தத் துணியை நான்தான் துவைத்தேன், ஒன்பதாம் வகுப்பு, ஸ்கூல் பஸ் வருவதற்கு முன்னால், கிணற்றடியில். துணியில் என்ன என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, வாசனைக்குக் கற்பூரம் வைத்துக்கொள்வாள், இன்றைக்கும் ஆரத்தித் தட்டு நீட்டினால் எனக்குக் கிணற்றடிதான். அப்படியும் கடைசி மாதம் வரைக்கும் என் சீருடைக்கு மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டாள், நாற்பத்தொரு வயசுப் பொம்பளை, பெட்டியை வலது கையால் தள்ளிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. அவளிடம் இருந்தது என்ன மாதிரி தைரியம், அதை எடுத்து டாக்டரிடம் போவதற்குச் செலவழித்திருக்கக்கூடாதா. போனபிறகு அப்பா எங்கள் இருவரையும் உட்காரவைத்து, "யார் கேட்டாலும் மஞ்சள் காமாலைன்னு சொல்லணும், ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளைக் கரையேத்தணும் நான்" என்றார். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பிலோமினா என் தலையில் கைவைத்து என்ன நோய் என்று கேட்டார். ஜாண்டிஸ், சிஸ்டர், என்றேன். என் முதல் பெரிய பொய், அதுவும் இங்கிலீஷில். அந்த வருஷம் மாரல் சயின்ஸில் எனக்குத்தான் முதல் பரிசு. அப்புறம் பொய் தானாக நடந்தது, காலை ஊன்றிக்கொண்டு. என்னைப் பெண் பார்க்க வந்தபோது காமாலை. அக்காவுக்கு நாற்பத்தாறில் வந்தபோது, அவள் பம்பாயில் இருந்தாள், தூரம் சௌகரியம், அதற்கும் காமாலை. பதினைந்து நாள் போய்ப் பார்த்துக்கொண்டேன், குளிக்கவைக்கும்போது அக்கா தழும்பைக் காட்டினாள், தையல் போட்ட இடம் தபால் உறை ஒட்டினது மாதிரி இருந்தது. "நீயும் ஒரு தடவை காட்டிரு ஆவுடை" என்றாள். காட்டுகிறேன் என்றேன். ஒன்பது வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, வெள்ளந்தி, மாமியாருக்குக் காமாலை, கொழுந்தியாளுக்குக் காமாலை, இந்த வம்சத்துக்கே கல்லீரல் பலவீனம் என்று முடிவு கட்டி, இருபத்தெட்டு வருஷமாக மாதம் ஒருமுறை காலிமனையில் குனிந்து கீழாநெல்லி பறித்துவந்து, கழுவி, அவரே அரைத்து, மோரில் கலந்து எனக்கு நீட்டுகிறார். நானும் குடிக்கிறேன். குமரேசனுக்கும் பிடித்துப் புகட்டியிருக்கிறார். ஒரு மனுஷன் பெண்டாட்டி சாகக்கூடாது என்று இத்தனை வருஷம் இத்தனை அன்பாகத் தப்பான வாசலில் காவல் இருக்கிறார், சரியான வாசல் இந்தப் பக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் நீளுகிற வாய்.

சோப்புப் போடும்போது இடது பக்கம் மட்டும் எனக்கு அவசரம். கழுத்து, கை, வயிறு எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும், அங்கே மட்டும் சுடுகிற தோசைக்கல்லைத் தொட்டது மாதிரித் தொட்டு எடுத்துவிடுவேன். ஏதாவது இருக்கிறதா. தெரியாது. இல்லை என்றும் தெரியாது. கண்ணாடி முன்னால் புடவை கட்டும்போது விளக்கைப் போடமாட்டேன், கரண்டு மிச்சம் என்பேன். பன்னிரண்டை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள், பன்னிரண்டு பாத்ரூமில் இருக்கிறது, அதன் புருஷன் கதவைத் தட்டுகிறான். நான் எதற்கு வந்தேன் என்று கேட்டேனே, சொல்கிறேன், எனக்கே சொல்லிக்கொள்கிறேன். இவள் உயிருக்குப் பயந்து வரவில்லை. எனக்குப் பேரப்பிள்ளை வேண்டும். அதை நேராகக் கேட்க வாய் இல்லாமல் அவளுடைய செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன். கேன்சர் என்ற வார்த்தையை என் வீட்டுக்காக ஒரு நாளும் சொல்லாதவள், அவள் வீட்டுக்காக ஆட்டோ முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவளுக்கா இது தெரியாமல் இருக்கும், எண்பது மீட்டர் மேலே இருந்து எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று காதை வைத்தே சொல்கிறவள். தெரிந்தும் என் மடியில் இந்த அட்டையை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் வாயால் ஒரு தடவைதான் கேட்டாள், ஆட்டோவை விட்டு இறங்கும்போது. "நாளைக்குப் பிள்ளைன்னு வந்தா ரெண்டு பக்கமும்தானே அத்தை வரும். உங்க அம்மாவுக்குக் காமாலைன்னு குமரேசு சொன்னாங்க, அப்படியே எழுதட்டா?" நான் சில்லறை தேடுவது மாதிரிப் பையைக் குடைந்தேன். அவள் எழுதவில்லை. இடம் விட்டிருக்கிறாள். வேறு யாருக்கு இந்த நாசூக்கு வரும். காமாலை என்று எழுதினால் ஒன்றும் ஆகாது, டாக்டரம்மா தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். இந்த வீட்டில் சீக்கு இவளிடம் மட்டும் இருக்கும், வேலம்மாளுக்கு வசதி. குமரேசன் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று யாரும் பார்க்கமாட்டார்கள், பேத்தி என்று ஒருத்தி பிறந்தால், அவளும் ஒரு நாள் இப்படி ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு தப்பான வாசலைக் காவல் காப்பாள். பேனாவை எடுத்தேன். நூல் குட்டை, தாளைச் சாய்த்துப் பிடித்தால்தான் எட்டுகிறது. சிஸ்டர் பிலோமினா, கோடு தாண்டக்கூடாது, சரியா.

கணவனின் தாய் வழிப் பாட்டி, மார்பகப் புற்றுநோய், எந்த வயதில் வந்தது தெரியாது, இறப்பு 41. கணவனின் பெரியம்மா, மார்பகப் புற்றுநோய், 46, இறப்பு 48. எழுத்து அழகாகவே வந்திருந்தது, சுழியெல்லாம் உருண்டையாக, பரிசு வாங்கின எழுத்து. "எடை ஒரு கிலோ கூடிட்டு அத்தை, உங்க சாம்பார்தான்" என்று சொல்லிக்கொண்டே செண்பகா வந்தாள், உட்கார்ந்தாள், தாளை வாங்கினாள். வாசித்தாள். திரும்ப முதலிலிருந்து வாசித்தாள். நான் குண்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதுவிடுவாளோ, கையைப் பிடித்துக்கொள்வாளோ, எனக்கு அதெல்லாம் ஆகாது. அவள் என் பக்கம் சாய்ந்து, மெல்ல, "மாமாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"அப்போ கீழாநெல்லி?"

"இருபத்தெட்டு வருஷமாக் குடிச்சுக்கிட்டு வாரேன். கல்லீரல் கருங்கல்லு மாதிரி இருக்கு."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள், எதிர் வரிசையில் பதினைந்து எங்களை முறைத்தது. எனக்கும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், "வேலம்மா பெரியம்மாகிட்டே நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

"நான் சொல்லிக்கிடுதேன். அதை மட்டும் எனக்கு விட்டுரு."

"பதினாலு" என்று கூப்பிட்டாள் முன்மேசைப் பெண். செண்பகா அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள், என்னையும் பார்த்தாள், வாருங்கள் என்கிற மாதிரி. "நீ போ" என்றேன். "எது வேணும்னு கேட்டா வாயை மூடிக்கிட்டு நிக்காதே. ரெண்டு வருஷம், மேலே ஏறணும், உதிரம் கூடுதல், எல்லாத்தையும் சொல்லு. அந்தக் காலி அட்டையைக் காட்ட மறந்துராதே, மாமியார்தான் கொடுத்தான்னு சொல்லு, டாக்டர் திட்டினா வாங்கிக்க நான் இங்கேதான் இருக்கேன்." அவள் போனாள், ஏணியில் ஏறுகிற அதே நடை, திரும்பிப் பார்க்காத நடை. நான் முன்மேசைக்குப் போய் அந்தத் தாள் ஒன்று கொடு என்றேன். "யாருக்கும்மா?" என்றாள், என் பின்னால் பெண் யாராவது நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்து. "எனக்குத்தான். ஆவுடையம்மாள். ஐம்பத்திரண்டு." பத்தொன்பது என்று டோக்கன் கொடுத்தாள், நேரமாகும் என்றாள். ஆகட்டும். பழைய நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தேன், இந்த அட்டையில் கட்டியிருந்த நூல் இன்னும் குட்டை. இடது பக்கம், அம்மா. அக்கா. இந்த முறை வேகமாக எழுதினேன், வழி பழகிவிட்டது. கீழே அந்த வரி. மார்பைத் தாமே தொட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டா. ஆம். இல்லை. இரண்டு கட்டமும் சின்னதாய் ஒரே அளவில் இருந்தன. இல்லை என்பதற்கு டிக் போட்டேன்.